லேவண்டாமில் ஒரு கோயில் எழுந்து நடந்தது

கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நெதர்லாந்து நாட்டில், தண்ணீரை அணை கட்டி வெளியே நிறுத்திவிட்டு, மிஞ்சின சேற்றின்மேல் துணிந்து குடியேறினவர்களின் நகரம் ஒன்று உண்டு. லேவண்டாம் என்று பெயர். அங்கே வீடென்றாலும் சரி, கோயிலென்றாலும் சரி, எதுவும் மண்ணில் நிற்பதில்லை. சேற்றுக்குள் ஆழ அறைந்த பைன் மரக் குற்றிகளின் தலைமேல்தான் நிற்கும். ஆகையால் அந்த ஊர்க் கட்டடம் ஒன்றுக்கு எழுந்து நடக்க மனம் வந்துவிட்டால் கால் தேடி அலையத் தேவையில்லை. பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் லேவண்டாம் சித்திவிநாயகர் கோயிலுக்கு அந்த மனம் வந்தது. விடியற்புறம் அது தன் குற்றிகளை ஒவ்வொன்றாகச் சேற்றிலிருந்து உருவி எடுத்து, ரொட்டிக்கடைக்காரரின் சைக்கிளை மிதிக்காமல் தாண்டி, வாய்க்காலைக் கடந்து, நகரத்தின் மறுபக்கத்தில் உள்ள கார்த் தரிப்பிடத்தில் போய் நின்றுகொண்டது.

கோயிலின் முதுகோடு ஒட்டிக் கட்டிய சின்ன வீட்டில் லோஜினி இருந்தாள். ஒரு காலத்தில் மணியடிப்பவர் குடியிருந்த வீடு அது. கோயிலைக் கூட்டுவது, பூ மாலை கட்டுவது, பிரசாதம் சமைப்பது, நிர்வாகத்துக்குள் சண்டை வந்தால் இரண்டு பக்கத்தையும் ஏசுவது எல்லாம் அவள் பொறுப்பு. அன்று காலை கோப்பைகள் கிலுகிலுக்கிற சத்தத்தில் எழுந்து, குசினிச் சன்னல் திரையை விலக்கினால், ரொட்டிக்கடை இருந்த இடத்தில் வரிசையாகக் கார்கள் நின்றன. அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, ஆத்திரம் வந்தது. "எட, நீயுமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

அந்த ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. மயிலிட்டியில் பிறந்த வீட்டை இராணுவத்துக்கு விட்டுவிட்டு ஓடத் தொடங்கினவள் அவள். பள்ளிக்கூடத்து வாங்குப் பலகையில் படுத்து, வன்னிக் காட்டில் படுத்து, கொழும்பு லொட்ஜில் படுத்து, இந்த நாட்டுக்கு வந்தும் முகாம் முகாமாக, மாடி மாடியாக மாறி, புருசனையும் கனடாவிலுள்ள இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்து, கடைசியில் இந்தச் சின்ன வீட்டுக்கு வந்தபோதுதான் வாழ்க்கையில் முதன்முறையாகச் சுவரில் ஆணி அடித்தாள். அதுவரை எங்கே இருந்தாலும் படங்களைச் சுவரில் சாய்த்துத்தான் வைப்பாள், தூக்கிக்கொண்டு ஓட வசதியாக. ஆணி அடித்த அன்று, இனி இந்த வீட்டை விட்டு என்னைப் பிணமாகத்தான் தூக்கவேணும் என்று கோயில் நிர்வாகம் முழுவதும் கேட்கச் சொன்னாள். இப்போது வீடே அவளைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கோயில் ஏன் நடந்தது என்பதை ஊர் அதிகம் விசாரிக்கவில்லை. தமிழருக்கு மட்டும் தெரியும், தெரிந்தும் மெதுவாகத்தான் பேசினார்கள்.

விசயம் இதுதான். கோயில் என்று நாங்கள் சொல்லும் கட்டடம் கோயிலாகப் பிறந்ததல்ல. எழுநூறு வருசத்துக்கு முந்திக் கன்னியாஸ்திரிகள் சிலர் ஜெபிப்பதற்காகச் செங்கல்லால் கட்டினது. பிறகு ஒரு கோடைக்காலத்தில் கோடரியோடு வந்த கூட்டம் அங்கிருந்த சிலைகளின் மூக்கையும் கையையும் உடைத்து வாய்க்காலில் எறிந்தது; ஓவியங்கள் இருந்த சுவரெல்லாம் சுண்ணாம்பு பூசி, சிலையில்லாமல், படமில்லாமல், வசனத்தை மட்டும் நம்பினவர்களின் தேவாலயமாக அதை ஆக்கினார்கள். அவர்கள் இருநூறு வருசம் கறுப்பு உடுப்போடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பிரெஞ்சுக் குதிரைப்படை வந்து எழுப்பியது; தூண்களில் குதிரை கட்டின இரும்பு வளையம் இன்னும் இருக்கிறது, லோஜினி அதில் மாவிலைத் தோரணம் கட்டுவாள். குதிரைகள் போனபின் கத்தோலிக்கர் திரும்பி வந்தார்கள், பிறகு அவர்களுக்கும் ஆள் குறைந்தது, கட்டடம் கம்பளக் கடையாயிற்று, கம்பளமும் விலைப்படாமல் போன பிறகு பிள்ளையார் வந்தார்.

பன்னிரண்டு வருசத்துக்கு ஒருமுறை கும்பாபிசேகம் செய்யவேண்டும். கூரையும் ஒழுகியது. திருத்த வேலை தொடங்குமுன் சாமியின் சக்தியை மூலஸ்தானத்திலிருந்து இறக்கி ஒரு கும்பத்து நீருக்குள் வைத்து, வேலை முடியும்வரை வேறிடத்தில் பூசை செய்வது வழக்கம். அதற்குப் பாலஸ்தாபனம் என்று பெயர். சக்தி போனபின் மூலஸ்தானத்தில் இருப்பது வெறும் கல்தான். பாலகங்காதரக் குருக்கள் நல்ல மனுசன், யாரையும் விட்டுவிடக்கூடாது என்ற மரியாதைக்காரர். பிறந்த ஊரில் சொல்லுகிற மாதிரியே, "இவ்விடத்தில் எழுந்தருளியிருக்கும் சகல தெய்வங்களும் இக்கும்பத்தில் எழுந்தருள்க" என்று அழைத்துவிட்டார். ஊரில் அப்படி அழைத்தால் பிள்ளையாரோடு முருகனும் அம்மனும் வைரவரும் வருவார்கள், கதை முடிந்தது. இங்கே எழுநூறு வருசமாக யார் யார் இருந்தார்கள் என்று ஐயா யோசிக்கவில்லை. அழைத்த மரியாதைக்கு அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்.

கும்பத்தை நான்கு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. நிர்வாகத் தலைவர் நித்தியானந்தனிடம் கார் திருத்துகிற கராஜ் இருந்தது, பாரம் தூக்கும் இயந்திரமும் இருந்தது. அங்கேயே கொண்டுபோய், கார் உயர்த்துகிற மேடையில் பட்டு விரித்துக் கும்பத்தை வைத்து, நாள்தோறும் பூசை நடந்தது. இத்தனை பேரும் இறங்கிப் போன கட்டடத்துக்குப் பாரம் இல்லாமல் போயிற்று. பாரம் இல்லாதது ஓரிடத்தில் நிற்குமா?

லேவண்டாம் நகரம் பதறவில்லை. வெள்ளம் வந்தபோதே பதறாத ஊர். முதல் கிழமையே நகரசபை கூடி, கோப்பியும் ஆளுக்கொரு பிஸ்கட்டும் கொடுத்து, மக்களின் குறைகளைக் கேட்டது. ஒரு கிழவர் தன் தக்காளிச் செடிக்கு வெயில் படவில்லை என்றார். ஒரு பெண், கோயில் நாதஸ்வரம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு முன் வேண்டாம் என்றாள். சபை ஒரு நீண்ட தண்ணீர்க் குழாயும் ஒரு நீண்ட மின்வயரும் தந்தது, பஸ் சாரதிகள் "இன்று கோயில் மீன்சந்தையில் நிற்கிறது, அங்கே இறங்குபவர்கள் இங்கே இறங்கவும்" என்று அறிவிக்கப் பழகினார்கள், சைக்கிள்காரர்கள் கோயிலைக் கண்டால் மணியடித்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். கூரை வேலைக்கு வந்த போலந்துக்காரர்கள் காலையில் லோஜினிக்குப் போன் எடுத்து, "எங்கே?" என்று ஒரு சொல் மட்டும் கேட்டுவிட்டு ஏணியோடு வந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் கால் முளைத்த தேவாலயம் போல பிஸ்கட் சுட்டு விற்றார், ஆடு நனைகிறதென்று அழுத ஓநாயைப்போல லோஜினியைப் பார்க்கும்போது மட்டும் கவலைப்பட்டார்.

தமிழர்களுக்கு வேறு குழப்பம். கோயில் ஒருநாள் கிழக்கே பார்க்கிறது, மறுகிழமை தெற்கே பார்க்கிறது, எந்தத் திசைக்குக் கும்பிடுவது என்றார்கள் சிலர். கோயிலே எங்களைச் சுற்றும்போது நாங்கள் ஏன் கோயிலைச் சுற்றவேணும், வீட்டில் இருந்தாலே புண்ணியம்தானே என்றார்கள் சோம்பேறிகள். கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தவர்கள், குடியிருக்கிற கோயில் ஊர் சுற்றினால் என்ன செய்வதென்று சொல்லி வைக்கவில்லை. நித்தியானந்தனுக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை. தேருக்குத் தெருவில் இரண்டு மணித்தியாலம் அனுமதி கேட்டுப் பத்து வருசம் அலைந்தவர் அவர். "உலகத்திலை எந்தக் கோயிலுக்கு இப்பிடித் தேர் இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்?" என்று கராஜுக்கு வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டார்.

லோஜினிதான் மெலிந்து போனாள். ஒரு வீதியின் சத்தம் காதுக்குப் பழகுவதற்குள் வேறு வீதி வந்தது. கோப்பைகளைத் துணியில் சுற்றி வைத்தாள். நித்திரையில் ஒரு காதை விழிக்கவிட்டுப் படுக்கும் பழைய பழக்கம் திரும்ப வந்தது. சாமான் வாங்கப் போனால் வீடு இருக்குமோ இருக்காதோ என்று பாதியில் ஓடிவந்தாள். கும்பாபிசேகம் ஆனியில் வருகிறது, அன்றைக்குக் கும்பத்து நீரைத் திரும்ப வார்த்தால் பாரம் வரும், பாரம் வந்தால் நிற்கும் என்று குருக்கள் ஆறுதல் சொன்னார். நிற்கும் இடத்திலேயே நிற்கும், பிறகு அசையாது என்றும் சொன்னார். லோஜினி ஆனி மாதத்தை எண்ணிக்கொண்டு இருந்தாள்.

நகரசபையில் பழைய கட்டடங்களைப் பார்க்கிற அதிகாரி விலெமைன். சிவந்த முகமும் பெரிய மழைச் சப்பாத்தும் உள்ள பெண். அவள் நாள்தோறும் வந்து கோயில் நிற்கும் இடத்தைச் சுற்றிப் பார்ப்பாள், பிறகு லோஜினியின் குசினியில் உட்கார்ந்து இஞ்சித் தேநீர் குடிப்பாள். வைகாசி மாதத்தில் ஒருநாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு டச்சு மொழியில் சொன்னாள்:

"லோஜினி, உங்கள் கட்டடம் சும்மா அலையவில்லை. முதல் நின்றது கார்த் தரிப்பிடம், அது பழைய துறவிமடம் இருந்த இடம். அடுத்தது மீன்சந்தை, அங்கே இருந்தது ஒரு மீன் வியாபாரி வீடு. சிலைகளை உடைத்த பிறகு கத்தோலிக்கர் அந்த வீட்டு மேல்மாடியில் ஒளித்துத்தான் பூசை செய்தார்கள். வெளியே தேவாலயம் மாதிரித் தெரியாவிட்டால் நகரம் கண்டும் காணாமல் விட்டது. அதற்குப் பிறகு லூத்தரன் கிறிஸ்தவர்களின் மண்டபம். எல்லாம் இந்த ஊரில் ஒருகாலத்தில் கும்பிட்ட இடங்கள். வயது வரிசையில் போகிறது."

"தன்ரை ஆக்களைத் தேடுது போல," என்று லோஜினி தமிழில் முணுமுணுத்தாள். பிறகு டச்சில் கேட்டாள்: "அடுத்தது எங்கே?"

"யூதர்களின் தொழுகைக்கூடம்."

அங்கே இப்போது சைக்கிள் கடை இருந்தது. கோயில் அந்த முற்றத்தில் போய் நின்ற நாட்களில் ஊரில் ஒரு குறையும் எழவில்லை. மற்ற இடங்களில் நின்றபோது அந்தந்த ஆட்கள் வந்தார்கள். துறவிமடத்து இடத்தில் கத்தோலிக்கக் கிழவிகள் மெழுகுதிரி கொளுத்தினார்கள், லூத்தரன் மண்டபத்து இடத்தில் ஒரு கூட்டம் வந்து நின்று பாடிவிட்டுப் போனது. இங்கே யாரும் வரவில்லை. யுத்த காலத்தில் அவர்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், வருவதற்கு ஆட்கள் மிஞ்சவில்லை. சைக்கிள் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். மற்ற இடங்களில் நின்றதைவிட அதிக நாள் கோயில் அங்கே நின்றது. லோஜினி கதவைத் திறந்து வைத்து வாசலைக் கழுவினாள், தண்ணீர் காய்ந்த பிறகு மறுபடியும் கழுவினாள், யாருக்காக என்று தெரியாமலே அழுதாள்.

பிறகு ஒரு விடியற்காலையில் அது எழுந்து, முன்பு உடுப்பு வெளுக்கும் கடையாக இருந்த துருக்கிக்காரரின் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர்கள் தேநீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து, விருந்தாளியை விசாரிப்பது போல, கூரை எப்படி, குளிருக்கு என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார்கள்.

"முடிந்தது," என்றாள் விலெமைன் சந்தோசமாக. "இதற்குப் பிறகு இந்த ஊரில் கட்டின தொழுகைக்கூடம் எதுவுமில்லை. இனி உங்கள் பழைய வீதிக்குத் திரும்பும். கும்பாபிசேகத்துக்குச் சரியாக வந்துவிடும்."

லோஜினி எழுந்து கோப்பைகளை எடுத்தாள். தேநீர் வடியைக் கழுவினாள், கழுவினதைத் திரும்பக் கழுவினாள். இன்னுமொன்று இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். விலெமைனுக்குத் தெரியாது. நகரசபைக்குத் தெரியாது. அது செங்கல்லால் கட்டினதல்ல, தகரக் கொண்டெய்னர். வடக்கு அணையோடு ஒட்டின புல்வெளியில் அகதி முகாம் இருந்த காலத்தில், பாவிக்காமல் கிடந்த ஒரு கொண்டெய்னரை முகாம் ஆட்கள் கும்பிட எடுத்துக்கொண்டார்கள். ஒரு மூலையில் தமிழர் கலண்டர் பிள்ளையாரை ஒட்டினார்கள், ஒரு மூலையில் பொஸ்னியாக்காரரும் சோமாலியாக்காரரும் பாய் விரித்தார்கள், ஒரு மூலையில் எதியோப்பியப் பெண்கள் சிலுவை வைத்தார்கள். நாலாம் மூலையில் சப்பாத்துக் கழற்றினார்கள். முகாமை மூடினபோது கொண்டெய்னரையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் புல்வெளிப் பக்கம் லோஜினி பிறகு கால் வைத்ததே இல்லை. அணைக்குப் போகிற பஸ்ஸில்கூட ஏறமாட்டாள்.

அன்றே கராஜுக்கு ஓடினாள். குருக்கள் கார் மேடைக்கு முன்னால் நின்று பூ வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கும்பாபிசேகத்தை இந்தக் கிழமையே செய்யுங்கோ."

"விசர்க் கதை கதைக்காதை பிள்ளை. ஆனி உத்தரத்துக்கு முகூர்த்தம் வைச்சாச்சு. நோட்டீஸ் அடிச்சாச்சு. ஜேர்மனியிலை இருந்து மேளக்காரர் வருகினம்."

"அதுக்குள்ளை அது முகாமடிக்குப் போயிடும் ஐயா. அங்கை போய் நிண்டு, நீங்கள் அங்கை வைச்சு ஊத்தினா..."

சொல்லி முடிக்க முடியவில்லை. குருக்கள் அவளை அந்த முகாம் காலத்திலிருந்தே அறிந்தவர். பூத்தட்டைக் கீழே வைத்தார்.

"நாளை மாத்தேலாது பிள்ளை," என்றார். "அது எங்கை நிக்குமெண்டு அதுதான் முடிவெடுக்கவேணும்."

"அப்ப நான் அதுக்குள்ளை இருக்கமாட்டன்."

வீட்டுக்கு வந்து பெட்டி அடுக்கினாள். பெட்டி அடுக்குவதில் லோஜினியை வெல்ல உலகத்தில் ஆள் இல்லை. பாஸ்போர்ட், நகை, மருந்து, இரண்டு உடுப்பு, தேயிலை. ஆணியில் தொங்கின படத்தைத் தொடவில்லை. கதவைப் பூட்டி, சைக்கிளில் பெட்டியைக் கட்டி, பஸ் தரிப்பிடம் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனாள். அங்கே உட்கார்ந்து, நித்தியானந்தன் வீட்டில் தங்குவதா, அவருடைய மனுசியின் வாயைத் தாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, நல்ல வெயிலில், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், கோயில் வீதியால் வந்தது.

விடியற்புறத்தில் களவாக நடந்ததுபோல இல்லாமல் அன்று அது எல்லாரும் பார்க்க, மெதுவாக, ஒவ்வொரு குற்றியையும் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தது. பிள்ளைகள் கையசைத்தார்கள். கூரையில் இருந்த போலந்துக்காரர் இருவர் இறங்க நேரமில்லாமல் புகைக்கூண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கத்தில் லோஜினியின் வீடு ஒட்டிக்கொண்டு வந்தது. குசினி விளக்கு எரிந்தது, அணைக்க மறந்துவிட்டாள். கோயில் பஸ் தரிப்பிடத்தைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, வடக்கே திரும்பியது.

"போ," என்றாள் லோஜினி. "போய்த் தொலை."

அது போயிற்று. பால் அடுப்பில் வைத்தேனோ என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. வைத்திருந்தால் வீடு பற்றும், வீடு பற்றினால் கோயில் பற்றும், மேலே இரண்டு மனிதர் இருக்கிறார்கள். "சனியன், சனியன்," என்று ஏசிக்கொண்டே சைக்கிளில் ஏறி மிதித்தாள். முன்னால் கோயில், பின்னால் பெட்டி கட்டின சைக்கிளில் அவள், இருவரும் அணைக்கட்டு வழியே போனார்கள். எதிர்காற்று முகத்தில் அறைந்தது. வாழ்நாள் முழுவதும் வீட்டை விட்டு ஓடினவள், அன்று வீட்டின் பின்னால் ஓடினாள்.

புல்வெளியில் செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன. கொண்டெய்னர்கள் நின்ற சீமெந்துத் தளங்கள் புல்லுக்குள் இன்னும் கிடந்தன. கோயில் தளங்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் தடுமாறி, ஓரமாக இருந்த ஒரு தளத்தின்மேல் தன்னை இறக்கிக்கொண்டது. லோஜினி வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தினாள். பால் தீய்ந்த மணம் வரவில்லை, அடுப்பில் பால் வைக்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் அவள் திரும்பிப் போகவில்லை, உள்ளேயும் போகவில்லை. போலந்துக்காரர்தான் இறங்கி வந்து அவளுடைய பெட்டியை வாங்கி வீட்டு வாசலில் வைத்தார்கள்.

அந்தத் தளத்தில்தான் ஒரு தை மாதத்துக் காலை முழுவதும் அவள் முழங்காலில் இருந்தாள். நாலு மாதக் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாய் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று முகாமுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் ஓய்வெடுக்காமல் கொண்டெய்னருக்குப் போனாள். பிள்ளையாரிடம் கேட்டாள், பிறகு அது போதாதென்று பயந்து பாயிருந்த மூலையில் கேட்டாள், சிலுவை மூலையிலும் கேட்டாள். பொஸ்னியாக்காரி ஒருத்தி அவள் முதுகைத் தடவிக்கொண்டு தன் மொழியில் தானும் கேட்டாள். உச்சிப்பொழுதுக்கு ஆள் வந்து சொன்னார்கள்.

குழந்தையை நகரத்து இடுகாட்டில் வைத்தார்கள். இந்த நாட்டில் புதைகுழியும் வாடகைதான், தவணை முடிந்தால் கிளறி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அந்த நாளில் மொழி விளங்கியிருக்காது. முகாம் முகாமாக மாறி, வேறு ஊர்களில் வேலை பார்த்து, வருசங்கள் கழித்து அவள் பூவோடு தேடிப் போனபோது அந்த இடத்தில் வேறொருவரின் பெயர் இருந்தது. குழந்தையின் பெயரை அவள் அதற்குப் பிறகு வாயால் சொன்னதில்லை.

ஆனி உத்தரத்தன்று சனம் புல்வெளிக்கு வந்து சேர்ந்தது. பஸ் இல்லை, பட்டுச்சேலையில் சேறு, ஆட்டுப் புழுக்கை, காற்றுக்கு நிற்காத குத்துவிளக்கு. கும்பத்தை ஒரு விவசாயி தன் டிராக்டரில் இழுத்து வந்தான், டிராக்டர் இரண்டு இடத்தில் புதைந்தது. நித்தியானந்தன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குருக்களிடம் வந்தார்.

"ஐயா, இஞ்சை வைச்சு ஊத்தினா இனி வாழ்நாள் முழுக்க இஞ்சைதான். ஆர் வருவினம்? பொறுப்பம். அது தானாத் திரும்பி வரும். விலெமைனும் சொல்லுறா. அடுத்த நல்ல நாளிலை ஊருக்குள்ளை வைச்சு ஊத்துவம்."

சனமெல்லாம் ஓமோம் என்றது. விலெமைனும் தலையாட்டினாள். குருக்கள் லோஜினியைத் தேடினார். அவள் அப்போதும் வேலிக்கு வெளியேதான் நின்றாள். இரவில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டு, விடிந்ததும் வெளியே வந்துவிடுவாள்.

"இதுக்குள்ளை குடியிருக்கிறது நீ," என்றார் குருக்கள். "முகூர்த்தம் தப்பப் போகுது. நீ சொல்லு பிள்ளை. ஊத்தவோ, விடவோ?"

விடுங்கோ என்று சொன்னால் போதும். அது எழும்பி ஊருக்குத் திரும்பும், ரொட்டிக்கடைக்குப் பக்கத்தில், பழகின வீதியில் நிற்கும், அவள் கேட்டதெல்லாம் அதுதான். வாய் திறந்தும்விட்டாள். திறந்த வாயோடு அந்தச் சீமெந்துத் தளத்தைப் பார்த்தாள். நகரசபை மறந்துவிட்ட இடம். இடுகாட்டுக்காரர் கணக்கை முடித்துவிட்ட பிள்ளை. பெற்றவளும் பெயரை விழுங்கிவிட்டாள். துறவிமடத்தையும் தொழுகைக்கூடத்தையும் தேடிப் போன கட்டடம் அந்தத் தகரப் பெட்டியையும் விடாமல் தேடி வந்திருக்கிறது. இது எழும்பிப் போனால் இங்கே செம்மறிதான் மேயும். பிள்ளையார்மேல் இத்தனை வருசம் வைத்திருந்த கோபமெல்லாம் அவளுக்குத் திரண்டு வந்தது.

"ஊத்துங்கோ ஐயா," என்றாள்.

"இஞ்சையோ?"

"இஞ்சைதான்."

நித்தியானந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குருக்கள் கையைக் காட்டி நிறுத்தினார். "எல்லாரையும் ஊத்திறதோ, பிள்ளையாரை மட்டுமோ?" என்று நித்தியானந்தன் வேறு வழியில் கேட்டுப் பார்த்தார்.

"அழைச்சு வந்தவையை வாசல்லை வைச்சுப் பிரிக்கேலாது நித்தி," என்றார் குருக்கள். "எல்லாரும் போகட்டும்."

மேளம் முழங்கியது. போலந்துக்காரரின் கப்பியால் கும்பத்தைக் கூரைக்கு ஏற்றி, குருக்கள் கலசத்தில் வார்த்தார், பிறகு இறங்கி வந்து மூலஸ்தானத்தில் கடைசித் துளிவரை வார்த்தார். சனம் கைகூப்பி, கோயில் அமரும் என்று பார்த்துக்கொண்டு நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. பாரம் வந்தும் கோயில் கால் ஊன்றாமல், தளத்தின்மேல் நுனிக்காலில் நின்றபடி நடுங்கியது. விளக்குகள் ஆடின. பின்வீட்டில் கோப்பைகள் கிலுகிலுத்தன.

குருக்கள் வியர்வையைத் துடைத்தார். கும்பாபிசேகம் முடிந்ததும் முதல் அர்ச்சனை செய்யவேண்டும். அந்தப் பெருமைக்குத் தலைவர் தட்டோடு தயாராக நின்றார். குருக்கள் அவரைத் தாண்டிப் பார்த்தார். லோஜினி வேலியைத் திறந்து, புல்லைக் கடந்து, சேற்றுக் காலோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். கையில் தட்டில்லை, தேங்காயில்லை, வெறும் கை. சனம் வழிவிட்டது.

"ஆற்றை பேருக்குப் பிள்ளை?" என்று குருக்கள் கேட்டார்.

"ஆரூரன்," என்றாள். சத்தம் வரவில்லை. திரும்பச் சொன்னாள். "ஆரூரன். பூரட்டாதி நட்சத்திரம்."

குருக்களின் கை பூவோடு நின்றது. "செத்தவைக்கு அர்ச்சனை செய்யிறதில்லை, பிள்ளை," என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தெரியும் ஐயா. செய்யுங்கோ."

அவர் அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு மூலஸ்தானத்தை நோக்கித் திரும்பி, பூரட்டாதி நட்சத்திரத்தில் பிறந்த ஆரூரன் என்கிற பிள்ளைக்கு என்று கணீரெனத் தொடங்கி, உயிரோடிருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லுகிற மாதிரியே, நோயில்லாத உடம்பும் நீண்ட ஆயுளும் வேண்டும் என்ற இடத்தையும் விடாமல், முழுவதும் சொன்னார். சொல்லி முடித்துக் கற்பூரம் காட்டும்போது தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே ஈர மண்ணுக்குள் மரக்குற்றிகள் ஒவ்வொன்றாக இறங்குகிற சத்தம் கேட்டது. தரை ஒரு சாண் தாழ்ந்தது. சனம் பயந்து தூண்களையும் இரும்பு வளையங்களையும் பக்கத்திலிருந்தவர்களையும் பிடித்துக்கொண்டது. லோஜினி எதையும் பிடிக்கவில்லை.